ஜெயில் ஃபயர் சேஃப்டி டெண்டர் போடப் போறீங்களா? சாவியில இருந்து ஆரம்பிங்க

ஆஸ்பத்திரி, காலேஜ், கலெக்டர் ஆபீஸ்னு ஃபயர் அலாரம், ஹைட்ரண்ட் (தீயணைக்கற தண்ணிக் குழாய்) வேலை எடுத்து செஞ்ச காண்ட்ராக்டருங்க நிறைய பேரு, ஜெயிலுக்கு டெண்டர் வந்தா அதே பழைய ரேட் ஷீட்டைத் தூக்கி வச்சு நாலு நம்பரை மாத்திப் போட்டுடறாங்க. தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. மத்த எந்த கட்டடத்துலயும் அலாரம் அடிச்சா உள்ள இருக்கறவங்க ஓடுவாங்க, நம்ம சிஸ்டம் கொஞ்சம் சொதப்பினாலும் காலு காப்பாத்தும். ஜெயில்ல ஓட முடியாது. வெளியில இருந்து ஒருத்தர் சாவி கொண்டாந்து திறந்தாதான் உண்டு.

2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி மனநலக் காப்பகத்துல என்ன நடந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், சங்கிலியில கட்டிப் போட்டிருந்த மனநலம் பாதிச்சவங்க 28 பேரு எழுந்து ஓட வழியில்லாம தீயில போனாங்க. வெளிநாட்டு ஜெயில்கள்லயும் இதே கதைதான். 2010 டிசம்பர்ல சிலி நாட்டு சான் மிகுவல் ஜெயில்ல 81 பேரு, 2012 பிப்ரவரியில ஹோண்டுராஸ்ல கொமயாகுவா ஜெயில்ல 350-க்கும் மேல, 2021 செப்டம்பர்ல இந்தோனேசியாவுல தாங்கராங் ஜெயில்ல 40-க்கும் மேல. தீ எப்படிப் பத்துச்சுங்கறது ஒவ்வொண்ணுலயும் வேற வேற, ஆனா பூட்டு நேரத்துக்குத் திறக்காததுதான் எண்ணிக்கையை இந்த அளவுக்குக் கொண்டு போச்சு. அதனாலதான் சொல்றேன், இந்த டெண்டர்ல நீங்க விலை போடறது டிடெக்டருக்கும் பைப்புக்கும் மட்டும் இல்ல, புகை கெளம்பினதுல இருந்து பூட்டு திறக்கற வரைக்கும் ஆகற நிமிஷத்தைக் குறைக்கறதுக்கு. இந்தக் கணக்கு மண்டையில இருந்தா மத்த வேலை எல்லாம் தானா சரியா வரும்.

நான் எழுதறது தமிழ்நாட்டு ஜெயில்களை வச்சு. புழல் ரெண்டு, வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டைன்னு 9 மத்திய சிறை இருக்கு, அது போக பெண்கள் தனிச்சிறை, கிளைச்சிறை எல்லாம் இருக்கு. புழல் 2006-ல திறந்த புது கட்டடம். வேலூர், கோவை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துது, வ.உ.சி. செக்கிழுத்த கோவை ஜெயில் சுவரை ஒரு தடவை ட்ரில் போட்டுப் பாருங்க, அதோட தடிமன் உங்க லேபர் ரேட்டை என்ன பண்ணும்னு அப்ப புரியும்.

டெண்டர் எங்க வரும்

ஜெயில் வேலைன்னா சிறைத்துறை பேர்லதான் டெண்டர் வரும்னு நெனச்சு அங்கயே தேடிட்டு இருக்காதீங்க. கட்டட வேலை, எலக்ட்ரிக்கல் வேலை பெரும்பாலும் பொதுப்பணித்துறை மூலமா வரும், இல்லன்னா தமிழ்நாடு காவலர் வீட்டு வசதிக் கழகம் மூலமா வரும், அவங்க போலீஸுக்கு மட்டும் இல்லாம சிறைத்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் கட்டடம் கட்டறவங்க. அரசோட டெண்டர் போர்ட்டல்ல போயி 'ஃபயர்'னு மட்டும் தேடாம 'பிரிசன்', 'சப் ஜெயில்', 'ஹைட்ரண்ட்', 'டிடெக்‌ஷன்', 'ஸ்பெஷல் ரிப்பேர்ஸ்'னு எல்லாம் போட்டுத் தேடுங்க, பல சமயம் ஃபயர் வேலை ஒரு பெரிய ரெனோவேஷன் டெண்டருக்குள்ள ஒரு பகுதியா ஒளிஞ்சிருக்கும், அப்ப மெயின் காண்ட்ராக்டரோட சேர்ந்து போறதா தனியா போறதான்னு முடிவு பண்ண வேண்டியிருக்கும்.

நேரம் எவ்ளோ கெடைக்கும்னா, தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதோட 2000-ம் வருஷ விதிகள்படி 2 கோடி வரைக்கும் உள்ள டெண்டருக்குக் குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேல போனா 30 நாள். இதைக் குறைக்கணும்னா மேலதிகாரி காரணம் எழுதி ஒப்புதல் குடுத்திருக்கணும். 15 நாள்னா கேக்கறதுக்கு நிறைய மாதிரி இருக்கும். ஆனா ஜெயிலுக்குள்ள போயி சைட் பாக்க அனுமதி வாங்கவே அதுல நாலஞ்சு நாள் போயிடும், அதனால டெண்டர் கண்ணுல பட்ட அன்னிக்கே சூப்பிரண்டெண்ட்டுக்கு அனுமதி கேட்டு லெட்டர் குடுத்துருங்க, டாக்குமெண்ட்டை முழுசா படிச்சு முடிச்சிட்டு அப்புறம் குடுக்கலாம்னு இருக்காதீங்க.

பேப்பருங்க

இதைப் பத்தி ரொம்ப இழுக்கல. கிளாஸ் 3 டிஜிட்டல் சிக்னேச்சர், கையெழுத்துக்கும் என்கிரிப்ஷனுக்கும் ரெண்டும் சேர்ந்தது, காலாவதி தேதி டெண்டர் திறக்கற நாளைத் தாண்டி இருக்கணும். காண்ட்ராக்டர் ரிஜிஸ்ட்ரேஷன் கிளாஸ் அந்த மதிப்புக்குப் போதுமான்னு பாருங்க. எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் லைசென்ஸ், ஜிஎஸ்டி, பான், பிஎஃப், ஈஎஸ்ஐ, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் கையெழுத்துப் போட்ட டர்ன்ஓவர் சர்டிபிகேட், பண பலத்தைக் காட்டற சால்வென்சி சர்டிபிகேட். முன்னாடி செஞ்ச வேலைக்கு கம்ப்ளீஷன் சர்டிபிகேட், அதுல வேலையோட பேரு, மதிப்பு, முடிஞ்ச தேதி மூணும் தெளிவா இருக்கணும், தனியாருக்குச் செஞ்ச வேலையா இருந்தா அதுக்கு டிடிஎஸ் பிடிச்ச ஆதாரமும் கேப்பாங்க.

ரெண்டு விஷயத்துல மட்டும் நிறைய பேரு மாட்டறாங்க. ஒண்ணு, உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் (சிறுதொழில் பதிவு) இருக்குன்னு இஎம்டி, அதாவது டெண்டரோட கட்டற முன்வைப்புத் தொகை, கட்டாம விட்டுடறது. சரக்கு சப்ளைக்கு இருக்கற விலக்கு ஒர்க்ஸ் டெண்டருக்கும் இருக்கும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, டெண்டர் டாக்குமெண்ட்ல அந்த வரி எழுதியிருந்தா மட்டும் நம்புங்க. இன்னொண்ணு, கம்பெனி ஆதரைசேஷன் லெட்டர். அலாரம் பேனலும் டிடெக்டரும் செய்யற கம்பெனிக்காரங்க ஒரே டெண்டருக்கு எல்லாருக்கும் லெட்டர் தர மாட்டாங்க, முதல்ல கேட்டவங்களுக்குத்தான், அதனால சைட் லெட்டர் குடுக்கற அன்னிக்கே இதையும் கேட்டு மெயில் போட்டுருங்க.

சைட் பாக்கப் போறப்ப

முழு டெண்டர்லயும் ஒரு வேலையை மட்டும்தான் ஒழுங்கா செய்ய முடியும்னு யாராவது சொன்னா நான் இதைத்தான் எடுப்பேன். போட்டோ எடுக்க முடியாது, மொபைல் கேட்லயே வாங்கி வச்சிருவாங்க, டேப், நோட்டு, பேனா இதுக்குக்கூட முன்கூட்டி சொல்லி வச்சாதான் விடுவாங்க. லேசர் அளவுக் கருவி கொண்டு போகணும்னா லெட்டர்லயே அதோட பேரை எழுதிருங்க. கூட ஒரு ஆள் படம் வரையத் தெரிஞ்சவரா இருந்தா நல்லது, ஏன்னா வெளிய வந்தப்புறம் கையில இருக்கப் போறது அந்தப் பேப்பர் மட்டும்தான்.

உள்ள போனதும் முதல்ல பைப் ரூட்டைப் பாக்காதீங்க. சாயங்காலம் அடைச்சதுக்கப்புறம் ஒரு பிளாக்குக்கு எத்தனை வார்டர் இருக்காங்க, செல் சாவி யாருகிட்ட இருக்கு, அது பிளாக்லயே இருக்கா இல்ல மெயின் கேட் பக்கம் ஒப்படைச்சிடறாங்களா, ஒரு பிளாக்குல எத்தனை பூட்டு, ஒவ்வொண்ணும் தனிச்சாவியா, இதைக் கேளுங்க. பாதுகாப்பு விஷயம், எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது, அதனால டிசைனுக்குத் தேவையானதை மட்டும் எதுக்காகக் கேக்கறீங்கன்னு விளக்கி மரியாதையா கேளுங்க. நான் பார்த்த ஒரு பழைய ஜெயில்ல ஒரு வரிசையில இருந்த செல்லு எல்லாத்தையும் ராத்திரி திறக்கணும்னா எவ்ளோ நேரம் ஆகும்னு கேட்டப்ப, அங்க ரொம்ப வருஷம் வேலை பாத்த ஒரு தலைமை வார்டர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "சார் ராத்திரில ஒண்ணா எல்லாத்தையும் நாங்க திறந்ததே இல்லை"ன்னாரு. அந்த பதில் என்னை ரொம்ப நாள் தூங்க விடல. டெண்டர் டாக்குமெண்ட்ல அதைப் பத்தி ஒரு வரி கிடையாது, ஆனா அதுதான் அந்த வேலையோட மையம்.

அடுத்து கேட். ஜெயில் மெயின் கேட் ரெண்டு அடுக்கா இருக்கும், ஒண்ணு திறந்திருக்கப்ப இன்னொண்ணு மூடியிருக்கணும், பழைய கட்டடத்துல ஆர்ச் வேற தாழ்வா இருக்கும். தீயணைப்பு வண்டி அதுக்குள்ள போகுமான்னு உயரமும் அகலமும் அளந்து பாருங்க. போகாதுன்னா ஃபயர் பிரிகேட் இன்லெட் மதில் சுவருக்கு வெளியில இருந்து தண்ணி ஏத்தற மாதிரி இருக்கணும், வண்டி வெளியில நின்னுகிட்டே உள்ள இருக்கற ஹைட்ரண்ட் லைனுக்கு பிரஷர் குடுக்கலாம். பிஓக்யூவுல (வேலை, அளவு, ரேட் எழுதற பட்டியல்) இன்லெட்னு ஒரு ஐட்டம் இருக்கும், அதை பம்ப் ரூம் பக்கத்துலயே, அதாவது ஜெயிலுக்கு நடுவுலயே காட்டி வச்சிருப்பாங்க, வேற கட்டடத்து டிராயிங்ல இருந்து அப்படியே எடுத்ததா இருக்கும். இதைக் கண்டுபிடிச்சா, டெண்டர் போடறதுக்கு முன்னாடி நடக்கற ப்ரீ-பிட் மீட்டிங்ல கேளுங்க.

தீ பிடிக்கற எடம் எதுன்னு பாருங்க. சமையல்கூடம், நெசவு கூடம், தையல் கூடம், செருப்பு செய்யற எடம், ஸ்டோர் ரூம். தறி ஓடற எடத்துல பஞ்சுத் தூசி விளக்கு மேல, ஃபேன் மேல, கேபிள் மேல படிஞ்சு கிடக்கும், அங்க சாதா ஸ்மோக் டிடெக்டர் மாட்டினா தூசியில அடிக்கடி பொய்யா அடிக்கும், கொஞ்ச நாள்ல யாராவது அதைக் கழட்டி விட்டுருவாங்க. செல்லுக்குள்ள போர்வை, துணிமணி, பேப்பர், பிளாஸ்டிக் வாளி, இவ்ளோதான் இருக்கும், ஆனா சின்ன அறையில புகை நிறைய அதுவே போதும், ஆளைக் கொல்றதும் பெரும்பாலும் புகைதான், நெருப்பு எட்டறதுக்கு முன்னாடியே.

ஜெயிலுக்கு ஏத்த சாமான்

நேஷனல் பில்டிங் கோடு 2016, நாலாவது பகுதி, அதுல ஜெயில் குரூப் சி-3. அலாரத்துக்கு ஐஎஸ் 2189, கைத் தீயணைப்பானுக்கு ஐஎஸ் 2190-ம் 15683-ம், உள் ஹைட்ரண்ட்டுக்கு ஐஎஸ் 3844, வெளி ஹைட்ரண்ட்டுக்கு ஐஎஸ் 13039, ஸ்ப்ரிங்க்ளருக்கு ஐஎஸ் 15105. இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா கோடுல சொன்னதை ஜெயில்ல அப்படியே மாட்டினா நிக்காது.

செல்லுக்குள்ள கை எட்டற உயரத்துல டிடெக்டர் வச்சா அது இருக்காது. பீடிப் புகைக்கு அடிக்கும், இல்லன்னா பிடுங்கிருவாங்க, தொங்கற மாதிரி எதைப் பொருத்தினாலும் அது தற்கொலைக்கு உதவற பொருளா மாறவும் வாய்ப்பிருக்கு, இதை எழுதவே மனசு கனக்குது ஆனா டிசைன் பண்றவங்க யோசிச்சே ஆகணும். அதனால ஆஸ்பிரேட்டிங் சிஸ்டம், அதாவது செல்லுக்கு வெளியில காரிடார்ல குழாய் ஓட்டி காத்தை உறிஞ்சி ஒரே எடத்துல சோதிக்கறது, அது விலை கூடன்னாலும் ஜெயிலுக்குப் பொருத்தம். உறிஞ்சற ஓட்டையை சுவர்ல சமமா, இரும்புத் தகடு போட்டு செல்லு பக்கம் வைக்கலாம். சமையல்கூடத்துக்கு ஹீட் டிடெக்டர், தறிக் கூடத்துக்கும் தூசியைத் தாங்கற வகை.

கண்ணாடி உடைச்சு அமுக்கற அலாரம் பட்டன் (கால் பாயிண்ட்) கைதிங்க நடமாடற எடத்துல வேண்டாம், கண்ணாடித் துண்டு ஆயுதம் ஆயிடும், தேவையில்லாம அடிச்சு விடவும் செய்வாங்க, வார்டர் நிக்கற எடத்துல சாவி போட்டுத் திருப்பற வகை வைங்க. கைத் தீயணைப்பானும் ஹோஸும் அதே மாதிரிதான், சிலிண்டர் தலையில அடிக்கற சாமான், ஹோஸ் கயிறு, அதனால பூட்டற இரும்புப் பெட்டியில வச்சு அந்தப் பெட்டிச் சாவி செல் சாவி வளையத்துலயே இருக்கற மாதிரி பண்ணுங்க, இல்லன்னா தீ நேரத்துல ரெண்டு சாவியைத் தேடணும். பிஓக்யூவுல பிவிசி காண்ட்யூட்னு (வயர் போற குழாய்) போட்டிருந்தா ஜிஐ-யா, அதாவது துத்தநாகம் பூசின இரும்பா மாத்தச் சொல்லிக் கேளுங்க. அட்ரஸபிள் லூப் (எந்த டிடெக்டர் அடிச்சதுன்னு தனியா காட்டற வயர் சுத்து) ஒவ்வொரு பிளாக்குக்கும் தனியா, பழுதான பகுதியைப் பிரிச்சு விடற ஐசொலேட்டரோட இருக்கட்டும், ஒரு பிளாக்ல யாராவது கேபிளை அறுத்தா பக்கத்து பிளாக் குருடாகக் கூடாது.

வயர்லெஸ் டிடெக்டர் போட்டா வயரிங் செலவு மிச்சம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. மொபைல் ஜாமர் இருக்கற வளாகத்துல ரேடியோவை நம்பி உயிரை வைக்கக் கூடாது. ஜிஎஸ்எம் ஆட்டோ டயலர் ஐட்டமும் அப்படித்தான், ஜாமர் ஓடற எடத்துல அந்த போன் போகாது, அதுக்குப் பதிலா மெயின் கேட்ல, மெயின் பேனல் காட்டறதையே காட்டற ஒரு ரிப்பீட்டர் பேனலும் லேண்ட்லைனும் வயர்ல இருக்கணும்.

அலாரம் சத்தம் எங்க கேக்கணுங்கறதும் முக்கியம். எல்லா பிளாக்லயும் ஒரே நேரத்துல ஹூட்டர் ஊதினா பூட்டின அறைக்குள்ள இருக்கற ஆயிரக்கணக்கான பேரு என்ன ஆச்சுன்னு தெரியாம கதவை இடிப்பாங்க. முதல்ல பிளாக் வார்டருக்கும் கேட்டுக்கும் கண்ட்ரோல் ரூமுக்கும் தெரியணும், தீ இருக்கற பிளாக் எதுன்னு பேர்ல காட்டணும், தமிழ்ல எழுதின ஜோன் சார்ட் பேனல் பக்கத்துலயே இருக்கணும். ராத்திரி டூட்டியில இருக்கறவர் பேனல்ல எல்-2, டி-17-னு (லூப் 2, டிடெக்டர் 17) படிச்சு அது எந்த செல்லுன்னு யோசிக்கற நேரம் கூட அதிகம்தான்.

ப்ரீ-பிட்ல கேக்க வேண்டியது

நிறைய பேரு ப்ரீ-பிட் மீட்டிங்குக்குப் போறதே இல்ல, போனாலும் மத்தவங்களுக்கு ஐடியா குடுத்துடுவோம்னு வாயைத் திறக்க மாட்டாங்க. ஜெயில் வேலையில இது தப்பான கணக்கு. நீங்க மட்டும் ஜிஐ காண்ட்யூட், ஆஸ்பிரேட்டிங் குழாய்னு மனசுல வச்சு விலை போட்டா எல்-1 (ரொம்பக் குறைஞ்ச விலை போட்டவர்) ஆக மாட்டீங்க, எல்லாருக்கும் அதே ஸ்பெக்னு ஆனாதான் நியாயமான போட்டி. எழுத்துல கேளுங்க, பதில் கோரிஜெண்டமா, அதாவது டெண்டருக்குத் திருத்த அறிவிப்பா வரணும். வாயால இன்ஜினியர் சொன்னது எதுக்கும் ஆகாது.

கேள்வியை இப்படி எழுதலாம்: "பிஓக்யூ ஐட்டம் இத்தனாம் நம்பர்ல ஃபயர் பிரிகேட் இன்லெட் பம்ப் அறை அருகில் காட்டப்பட்டுள்ளது. மெயின் கேட் வழியாக தீயணைப்பு வாகனம் உள்ளே வர இயலாத நிலையில், இன்லெட்டை மதில் சுவரின் வெளிப்புறம் அமைக்க வேண்டுமா? ஆம் எனில் கூடுதல் பைப் நீளத்திற்கு அளவு திருத்தப்படுமா?" அதே மாதிரி தினமும் எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் உள்ள வேலை செய்ய விடுவாங்க, எஸ்கார்ட் எத்தனை டீமுக்குக் கெடைக்கும், சண்டை, திடீர் சோதனைன்னு ஜெயில் தரப்புல வேலையை நிறுத்தினா அந்த நாள் ஒப்பந்த காலத்துல சேருமா சேராதா, இதை எல்லாம் கேட்டு வாங்குங்க. கடைசி கேள்வி ரொம்ப முக்கியம், பின்னாடி தாமத அபராதம் போடறப்ப உங்களைக் காப்பாத்தப் போறது அந்த ஒரு பதில்தான்.

விலை போடறது

இங்க நான் பட்டதைச் சொல்றேன். முதல் ஜெயில் வேலைக்கு வெளிக் கட்டட லேபர் ரேட்டையே போட்டேன். நாலு மாசத்துல முடிக்க வேண்டியது ஏழு மாசம் ஆச்சு, லாபம் மொத்தமும் கூலியிலயே போச்சு.

காரணம் எளிசு. காலையில ஆளுங்க கேட்ல வரிசையில நிக்கணும், ஒவ்வொருத்தரையும் தடவிப் பாத்து, ஸ்பேனர், ட்ரில் பிட்டு, ஹாக்ஸா பிளேடு ஒவ்வொண்ணையும் எண்ணி எழுதி உள்ள விடணும், மதியம் சாப்பாட்டுக்கு வெளிய வந்தா திரும்பவும் அதே சோதனை, சாயங்காலம் கைதிங்களை அடைக்கற நேரத்துக்கு முன்னாடி எல்லா சாமானும் எண்ணி வெளிய வந்தாகணும். ஒரு ஹாக்ஸா பிளேடு குறைஞ்சா அன்னிக்கு வேலை காலி, கெடைக்கற வரைக்கும் யாரும் நகர முடியாது. ஏணி, சாரம், 6 மீட்டர் பைப்பு எதையும் ராத்திரி உள்ள விட முடியாது, அது எல்லாமே மதில் ஏற உதவற சாமான். வெல்டிங் கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். குழி தோண்டினா அன்னிக்கே மூடணும் இல்லன்னா தகடு போட்டு மூடணும், மதில் பக்கம் தோண்டவே தனி அனுமதி.

அதனால 8 மணி நேரக் கூலி குடுத்து 5 மணி நேர வேலைதான் கெடைக்கும்னு வச்சுக்கங்க. 8-ஐ 5-ஆல வகுத்தா 1.6. வெளியில 100 ஆள்நாள்ல முடியற வேலைக்கு உள்ள 160 ஆள்நாள். பெண்கள் சிறைன்னா இன்னும் கம்மி நேரம்தான், பெண் காவலர் கூடவே இருக்கணும். பழைய சுவர்னா ட்ரில்லிங்குக்கு மேல ஒரு பங்கு சேருங்க. வெளியில ஒரு ஸ்டோர் ஷெட், சாமான் கணக்கு எழுதறதுக்கு ஒரு ஆள், ஆளுங்களுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் செலவு, வெரிஃபிகேஷன் ஆன ஆள் லீவு போட்டா புது ஆளை மறுநாளே கூட்டிட்டுப் போக முடியாதுங்கறதால நாலஞ்சு பேருக்குக் கூடுதலா வாங்கி வைக்கறது, இதெல்லாம் பிஓக்யூவுல தனி ஐட்டமா இருக்காது, நீங்கதான் ஒவ்வொரு ஐட்டம் ரேட்டுக்குள்ளயும் பிரிச்சுப் போடணும்.

அப்புறம் பணம் கைக்கு வர்ற கணக்கு. அரசு ஒர்க்ஸ் காண்ட்ராக்ட்டுக்கு 2022 ஜூலை 18-ல இருந்து ஜிஎஸ்டி 12% இல்ல, 18%. ரேட் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலான்னு டாக்குமெண்ட்ல ரெண்டு தடவை படிங்க. ஒரு உதாரணம், 1 கோடி ரூபா வேலைக்கு பில்லு போகுதுன்னு வைங்க, கம்பெனியா இருந்தா வருமான வரி டிடிஎஸ் 2%, ஜிஎஸ்டி டிடிஎஸ் 2%, தொழிலாளர் நலநிதி 1%, ரிடென்ஷன் (உத்தரவாதமா பிடிச்சு வைக்கற பணம்) 5%-ன்னு வச்சா 10 லட்சம் பிடிச்சதுக்கப்புறம்தான் மிச்சம் வரும். இதுல டிடிஎஸ் ரெண்டும் பின்னாடி வரவு ஆகும், ரிடென்ஷன் குறைபாடு சரி பண்ற காலம் முடிஞ்சு வரும், நலநிதி திரும்பாது. அதுக்கு நடுவுல பேனல் கம்பெனிக்கு முழுப் பணமும் முன்னாடியே கட்டணும். வட்டியை ரேட்ல சேர்க்காதவங்க பாதி வேலையில நிக்கறதைப் பாத்திருக்கேன்.

டெண்டர்ல மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ பராமரிப்பும் சேர்ந்து வந்தா பேனல் பேட்டரி மாத்தறது, தீயணைப்பான் ரீஃபில், ஹைட்ரோ டெஸ்ட், டீசல் பம்ப்பை வாராவாரம் ஓட்டிப் பாக்கறது, ஒவ்வொரு விசிட்டுக்கும் கேட்ல போற அரை நாள், இதெல்லாம் சேரணும்.

லெஸ் போடறதைப் பத்தி, அதாவது மதிப்பீட்டை விடக் குறைச்சு விலை போடறதைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். போட்டியில 20% லெஸ், 25% லெஸ்னு போட்டு எடுத்துடலாம். ரொம்ப கீழ போனா கூடுதல் செக்யூரிட்டி டெபாசிட் கேப்பாங்க, அதுல பணம் முடங்கும். அதை விடுங்க, அந்த 25-ஐ எங்க பிடிப்பீங்க? கேபிள் தரத்துல, பைப் கனத்துல, டெஸ்டிங்ல. பூட்டின அறைக்குள்ள படுத்திருக்கறவனுக்கு அதைச் சோதிச்சுப் பாக்க வழி கிடையாது, அவன் விசாரணைக் கைதியா இருக்கலாம், குத்தமே நிரூபிக்கப்படாதவனா இருக்கலாம். கட்டுப்படியாகற விலை போடுங்க, கெடைக்கலன்னா அடுத்த டெண்டர் வரும்.

அப்லோடு

பிஓக்யூ எக்செல் ஃபைலோட பேரை மாத்தாதீங்க, செல்லு, வரிசை எதையும் சேர்க்கவோ அழிக்கவோ செய்யாதீங்க, மேக்ரோ ஆன் பண்ணிட்டுத்தான் திறக்கணும். டெக்னிக்கல் கவர்ல விலை தெரியற மாதிரி ஒரு பேப்பர் கூட போகக் கூடாது, பழைய கொட்டேஷனை ஆதாரமா சேர்க்கறேன்னு சேர்த்து ரிஜெக்ட் ஆனவங்க இருக்காங்க. கடைசியா ஒரு தடவை கோரிஜெண்டம் வந்திருக்கான்னு பாருங்க, வந்திருந்தா பிஓக்யூ புதுசாவே மாறியிருக்கலாம். போர்ட்டல் சர்வர் கடிகாரம்தான் கணக்கு, உங்க வாட்ச் இல்ல, அதனால முந்தின நாளே ஏத்திடுங்க, அக்னாலெட்ஜ்மென்ட் பிரிண்ட் எடுத்து வைங்க.

டெக்னிக்கல் கவர்ல கேக்காட்டியும் ரெண்டு பக்கம் மெத்தட் ஸ்டேட்மென்ட் வைங்கன்னு சொல்வேன். எந்த பிளாக் முதல்ல, வேலை நடக்கறப்ப பழைய அலாரமோ ஹைட்ரண்ட்டோ நிறுத்த வேண்டி வந்தா அந்த நேரத்துக்கு மாத்து ஏற்பாடு என்ன, சாமான் எண்ணிக்கை எப்படி வச்சுப்பீங்க, வெல்டிங் பண்ற எடத்துல தீயணைப்பானோட ஆள் நிப்பாரா. மார்க் கெடைக்குதோ இல்லையோ, வேலை கெடைச்சா முதல் மீட்டிங்ல சூப்பிரண்டெண்ட் முன்னாடி வைக்க அது தயாரா இருக்கும்.

விலை திறந்து நீங்க எல்-1 ஆனா, சட்டப்படி விலை குறைக்கச் சொல்லி உங்ககிட்ட மட்டும்தான் பேசலாம், அடுத்த குறைஞ்ச விலை போட்ட எல்-2-வைக் கூப்பிட்டுப் பேசறது கிடையாது. ரேட் பிரேக்கப் கையில வச்சுக்கிட்டுப் போங்க, 1.6 கணக்கைக் காட்டினா புரிஞ்சுக்கற அதிகாரிங்க நிறைய பேரு இருக்காங்க. வேற யாருக்கோ முறையில்லாம போயிடுச்சுன்னு தோணினா, உத்தரவு கைக்கு வந்ததுல இருந்து 10 நாளுக்குள்ள அரசுக்கு அப்பீல் போகலாம், 11-வது பிரிவு.

வேலை கெடைச்சப்புறம்

அளவு எடுக்கறது எம்-புக்லதான் (வேலை அளவு எழுதற புத்தகம்), மறைஞ்சு போற வேலை எல்லாத்தையும், மண்ணுக்குள்ள போற பைப், சுவருக்குள்ள போற காண்ட்யூட், மூடறதுக்கு முன்னாடி ஏஇ-யை (உதவிப் பொறியாளர்) கூப்பிட்டுக் காட்டி எழுதிருங்க, உள்ள போட்டோ எடுக்க முடியாதுங்கறதால பின்னாடி நிரூபிக்க வேற வழி கிடையாது.

கடைசியா ஒப்படைக்கறப்ப டெஸ்ட் ரிப்போர்ட்ல பம்ப் பிரஷரும் டிடெக்டர் எண்ணிக்கையும் மட்டும் எழுதிட்டு வராதீங்க. தூரத்து ஹைட்ரண்ட்ல 3.5 பார் வருதான்னு அளந்து காட்டுங்க, அதோட சூப்பிரண்டெண்ட் ஒப்புதலோட ஒரு ராத்திரி டிரில் கேளுங்க. காலியா இருக்கற ஒரு பிளாக் போதும். குழாய்ல புகை விட்டு, பேனல் அடிச்சு, கேட்ல இருந்து தகவல் போயி, வார்டர் சாவியோட வந்து கடைசிப் பூட்டு திறக்கற வரைக்கும் ஸ்டாப்வாட்ச் வச்சு, எத்தனை நிமிஷம் எத்தனை செகண்டுன்னு ரிப்போர்ட்ல எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்க. அந்த டிரில்லுக்கு ஆகற ஒரு ராத்திரி கூலியையும் இப்பவே ரேட்ல சேர்த்துருங்க.